எலிக்கால் வீக்கம்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "வீக்கம் வத்தவே மாட்டேங்குது தம்பி" என்றார். கடைப் பையன் ஒரு வலி மாத்திரையோடு டாக்ஸிசைக்ளின் ஐந்து நறுக்கிக் கொடுத்தான். டாக்டர் சீட்டு? கேட்கவே இல்லை.

"இது கிருமிக்கு உள்ளதாச்சே?" என்றேன்.

"வீக்கத்தையும் எடுத்துரும் ஸார். எலிக்கெல்லாம் குடுத்து டெஸ்ட் பண்ணியிருக்காங்க, பேப்பர்லயே வந்துச்சு."

பையன் சொன்னது பொய்யில்லை. தொந்தரவே அதுதான்.

நான் பி.காம். வரவைக் காட்டினால் பற்று எங்கே என்று தேடுகிற ஜாதி. வீட்டுக்கு வந்து இந்த ரக ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றை அப்படித்தான் படித்தேன். பல கட்டுரைகளில் சமையல் குறிப்பு ஒன்றேதான். எலியின் பின்னங்கால் பாதத்தில் கராஜீனன் கரைசலை ஊசியால் ஒரு துளி ஏற்றினால் பாதம் பணியாரமாக உப்பும். (கராஜீனன் கடல்பாசிச் சரக்கு. நம் புதுக்கோட்டைக் கடலோரத்தில் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே, அந்தப் பாசியில் கிடைப்பது இதற்குப் பங்காளி. ஐஸ்கிரீமில் நாமும் தின்கிறோம்.) கூட்டத்துக்கு ஆறு எலி. ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லை, ஒன்றுக்கு டைக்ளோஃபினாக், ஒன்றுக்கு ஆன்டிபயாடிக். மணிக்கொரு தரம் பாதத்தை அளப்பார்கள். சாயங்காலத்துக்குள் முடிவு ரெடி. 1962-லிருந்து இருக்கிற முறை, தப்பில்லை.

பற்றுப் பக்கம்தான் காலி. அளந்தவருக்கு எது மருந்து தின்ற எலி என்று முன்பே தெரியுமா? பல கட்டுரைகளில் பேச்சே இல்லை. எலிக்கு வீக்கம் இன்று காலையில் வந்தது. பெரியவருக்குப் பல வருஷமாக இருப்பது. இரண்டும் ஒன்றா?

உருப்படியாகச் செய்தவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் லோர்ன் கோலப் என்ற பல் ஆராய்ச்சியாளர், 1983-ல், கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து மினோசைக்ளின் கொடுத்தார். ஈறை அரிக்கும் நொதி குறைந்தது. கொல்லக் கிருமியே இல்லை, ஆகவே மருந்து வேறு ஏதோ வேலை செய்கிறது! எவ்வளவு அழகான யோசனை. அந்த வழியில் போய், 1998-ல் அமெரிக்காவில் ஈறு நோய்க்கு டாக்ஸிசைக்ளின் அனுமதி வாங்கியது. 20 மில்லிகிராம், கிருமியைத் தொடாத அளவு. எலியிலிருந்து மனிதனுக்கு வரப் பதினைந்து வருஷம்.

அதே மினோசைக்ளினின் இன்னொரு கதை. ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்ததே, நரம்பு நலிந்து உடம்பு செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய்? அது உள்ள சுண்டெலிகள் இந்த மருந்தால் கூடுதல் நாள் வாழ்ந்தன என்று 2002-ல் செய்தி. அமெரிக்காவில் 412 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட 25 சதவீதம் வேகமாக நலிந்திருந்தார்கள். முதல் செய்தியோடு பேப்பரை மடித்து வைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா?

அன்றைக்குக் கடையில், பெரியவர் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிகிராம். கிருமியைக் கொல்கிற அளவு. அதுவும் ஐந்தே மாத்திரை. அவர் உடம்பில் சும்மா கிடக்கும் கிருமிகளில் பலவீனமானவை சாகும், தப்பித்தவை மருந்துக்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு அவருக்கு நிஜமாகவே தொற்று வந்தால்?

"நல்ல மருந்துதானே தம்பி?" என்றார்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கய்யா."

பையன் என்னை முறைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன ஸார் வேணும்?" என்றான்.