ஹாஷா, வரிசைப்படுத்தலா?

இரண்டு அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பதிவுகள். முதலாவதில் உள்ள எவையெவை இரண்டாவதிலும் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவையும் எடுத்து எதிர் அட்டவணை முழுவதோடும் ஒப்பிட்டால் 1,000 கோடி ஒப்பீடுகள். பதிவுகள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும். இண்டெக்ஸ் இல்லாத பெரிய தரவுக்கு இந்த வழியைப் பேசிப் பயனில்லை.

உண்மையான போட்டி வேறு இரண்டு வழிகளுக்கு இடையில்தான். இரு அட்டவணைகளையும் வரிசைப்படுத்திவிட்டு, இரண்டையும் ஒருசேர மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போவது ஒன்று. லட்சம் பதிவுகளை வரிசைப்படுத்த ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகள் ஆகும். மற்றது ஹாஷ். சிறிய அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலிருந்தும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் பதிவை வைக்கிறோம். பெரிய அட்டவணையின் பதிவு வரும்போது அதே கணக்கைப் போட்டு நேரே அந்த இடத்தில் பார்க்கிறோம். வேலை பதிவுகளின் எண்ணிக்கை அளவுக்கே வளர்கிறது.

வரிசைப்படுத்தலுக்காக வாதாடியவர்கள் சாமானியர்கள் அல்லர். ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் செயலியின் திறன் பெருகப் பெருக, வரிசைப்படுத்தல் ஹாஷை முந்திவிடும் என்று 2009-ல் இன்டெல், ஆரக்கிள் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2013-ல் சூரிச்சின் இடிஹெச் ஆய்வாளர்கள் மறுபடி அளந்தபோது ஹாஷே முன்னால் நின்றது. மிகப் பெரிய தரவில்தான் மற்றது அதை நெருங்கியது. நெடுங்காலம் ஹாஷ் இணைப்பு இல்லாமலே ஓடிய மைஎஸ்க்யூஎல்லும் 2019-ல், 8.0.18 பதிப்பில், அதைச் சேர்த்துக்கொண்டது.

ஆனாலும் தரவு ஏற்கனவே வரிசையாக இருந்தால் ஹாஷ் வீண் வேலை. சரியாகப் பொருந்தாமல் மிக நெருங்கிய நேரத்துப் பதிவைத் தேடுவதானால், ஹாஷால் நேரடியாக ஆகாது. அங்கே வரிசைப்படுத்தலே வழி.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பல பத்திகளைச் சேர்த்து ஒரே சாவியாக்கும் இடம். “1”, “23” என்ற பதிவையும் “12”, “3” என்ற பதிவையும் அப்படியே ஒட்டினால் இரண்டுமே “123”. பொருந்தாதவை பொருந்திவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது. நடுவே பிரிப்புக்குறி போடுவது ஓரளவு உதவும்; தரவிலேயே அந்தக் குறி இருந்தால் அதுவும் கைவிடும். பத்திகளை ஒட்டாமல் தனித்தனியாக வைத்து ஒப்பிடுவதே பாதுகாப்பு. தசம எண்களில் தொல்லை எதிர்த்திசையில் வரும்: வழக்கமான இரும எண்முறையில் 0.1 + 0.2 என்பதன் விடை 0.3-க்குச் சமமாவதில்லை, ஆகவே பொருந்த வேண்டியது பொருந்தாது. வெற்று மதிப்புகளையும் நம்ப முடியாது. எஸ்க்யூஎல்லில் இணைக்கும்போது இரண்டு வெற்று மதிப்புகள் சமமாகக் கொள்ளப்படுவதில்லை. பாண்டாஸ் நூலகத்தில் இணைத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தும்.

என் தீர்ப்பு ஹாஷுக்கே. ஆனால் எதைப் பயன்படுத்தினாலும், இணைத்து முடித்ததும் கிடைத்த பதிவுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே சாவி இந்தப் பக்கம் மூன்று முறையும் அந்தப் பக்கம் நான்கு முறையும் இருந்தால், விடையில் பன்னிரண்டு பதிவுகள் வரும்.