ஹீலியோஸுக்குக் கிடைத்த புது உடம்பு

சோவியத் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் வைத்திருப்பது ஹீலியோஸ் 44-2-ஐத்தான். 58 மி.மீ., எஃப்/2. ஜெனிட் கேமராக்களோடு சேர்த்தே விற்றதால் ஏராளமாக உருவாகி, இன்றும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாஸ்கோவை ஒட்டிய க்ராஸ்நகோர்ஸ்கிலும், மின்ஸ்கிலும், வால்தாயிலும் தயாரித்தார்கள். வடிவமைப்பு மட்டும் இரவல். ஜெர்மனியின் யேனாவிலிருந்த கார்ல் சைஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58/2-தான் இதன் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த ஆலையின் இயந்திரங்கள் இழப்பீடாக சோவியத்துக்குப் போன கதை தெரிந்ததே.

என் கையிலிருப்பது க்ராஸ்நகோர்ஸ்க் சரக்கு. பெயர் வளையத்தில் அந்த ஆலையின் பட்டக முத்திரை இருக்கிறது. மாட்டியிருப்பது சோனியின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடியில். இடையில் லென்ஸின் எம்42 திருகு மவுண்டுக்கான ஒரு அடாப்டர். அடாப்டர் என்றாலும் அது வெறும் உலோகக் குழாய்தான், உள்ளே கண்ணாடி கிடையாது. எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். சோனியின் மவுண்டோ 18 மி.மீ.யில் இருக்கிறது. மிச்ச தூரத்தைக் குழாய் நிரப்பிவிடுகிறது. பழைய நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் இது நடக்காது. அதன் தூரமே 46.5 மி.மீ. என்பதால், கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தொலைவில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. மலிவு அடாப்டர்களில் ஒரு தொல்லை உண்டு: லென்ஸைத் திருகி முடித்தால் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் போய் நிற்கும். பக்கத்தில் மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கும். தளர்த்தி, திருப்பி, இறுக்கினால் சரியாகிவிடும்.

மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால் கேமரா படமெடுக்க மறுக்கும். கேமராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால், அதில் ஃபோகல் லெங்த்தாக 58, அந்த எண் இல்லையேல் அதற்குப் பக்கத்து எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இதைத் தவிர அமைப்பு வேலை ஒன்றுமில்லை.

அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் எண்கள், 'டிக் டிக்' என்று நிற்கும்; எந்த எண் வரை மூடலாம் என்று அதில் எல்லை போட வேண்டும். மற்றது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும்; திறந்த நிலைக்கும் அந்த எல்லைக்கும் இடையே உண்மையில் மூடித் திறப்பது அதுதான். ஜெனிட்காரர்கள் பட்ட பாடு இதில்தான் இருந்தது: முழுக்கத் திறந்து மங்கலான வியூஃபைண்டரில் ஃபோகஸ் செய், பிறகு மூடு, பிறகு க்ளிக் செய். மூட மறந்தால் ரோல் கழுவி வரும்போதுதான் தெரியும். மிரர்லெஸ்ஸில் எஃப்/8-க்கு மூடினாலும் திரை வெளிச்சமாகவே இருக்கிறது. எல்லையை 16-இல் போட்டுவிட்டு வழுக்கும் வளையத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கிறேன். வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த டிக் இல்லாத வளையம் ஒரு வரம். தன் சொந்தக் கேமராவில் இருந்ததைவிட இந்த லென்ஸ் இன்றைய கேமராவில்தான் வசதியாக உட்காருகிறது என்று தயங்காமல் சொல்வேன்.

ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் எஃப்/2-இல் நம்பாதீர்கள். விளிம்புகளில் லேசான ஒளிப்படலம் படர்வதால், ஃபோகஸைக் காட்டும் சிவப்புக் கோடுகள் கண்ணிமையிலும் மின்னும், காது மடலிலும் மின்னும். பெரிதாக்கிப் பார்த்து, இமைமுடி பிரியும்வரை வளையத்தைத் திருப்புவதே வழி. ஓடும் குழந்தைக்கு இது ஆகாது.

இனி எல்லோரும் கேட்கும் அந்தச் 'சுழல்'. நாலைந்து அடி தள்ளி ஒருவரை நிறுத்துங்கள். பின்னால் சில மீட்டர் தூரத்தில் இலைகளுக்கிடையே வெயில் புள்ளிகள் தெரிய வேண்டும். எஃப்/2-இல் ஓரத்துப் புள்ளிகள் பூனைக்கண் வடிவில் நசுங்கி, முகத்தைச் சுற்றி வட்டமிடும். ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியை லென்ஸ் குழலின் விளிம்பே பாதி மறைப்பதால் வரும் விளைவு இது. எஃப்/4-க்குப் போனால் காணாமல் போய்விடும். ஏ.பி.எஸ்-சி சென்சார் அந்த ஓரங்களையே வெட்டிவிடுவதால், சுழலுக்காக மட்டும் வாங்கும் ஃபுஜி நண்பர்கள் ஏமாறுவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது 87 மி.மீ. அளவுக்கான நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ். என் கணக்கில் சுழல் சீக்கிரம் அலுத்துப்போகும் வித்தை. பத்துப் படத்துக்கு மேல் பார்த்தால் தலை சுற்றும்.

அலுக்காதது, எதிர்வெயிலில் இது நடந்துகொள்ளும் விதம். 44-2-இன் ஒற்றைப் பூச்சு ஃப்ளேரைத் தடுக்க அதிகம் மெனக்கெடுவதில்லை. ஜன்னலுக்கு முன் ஒருவரை உட்கார வைத்தால் கறுப்பு சாம்பலாக வெளிறி, நிழல்களில் விவரம் மிதக்கும், தோல் மென்மையாகும். இன்றைய லென்ஸில் எடுத்துவிட்டு மென்பொருளில் இதைக் கொண்டுவர முயன்றால் பூச்சு அடித்தது போலவே இருக்கிறது. வேண்டாத நேரத்தில் கையை லென்ஸுக்கு மேல் நிழலாகப் பிடித்தால் போதும், கான்ட்ராஸ்ட் திரும்பிவிடும். எஃப்/5.6-இல் நடுப்பகுதி 24 மெகாபிக்சலுக்கு ஈடுகொடுக்கிறது. மூலைகளுக்கு எஃப்/8 வேண்டும்.

வாங்கும்போது அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை மட்டும் வைத்து ஒதுக்காதீர்கள். இதழ்களைக் கையால்தானே நகர்த்துகிறோம், ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. நம் கடலோர ஈரக்காற்றுக்கு அது கொண்டாட்டம். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், வேர்போல இழை தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருந்தால் பழைய கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று பொருள். மெக்கானிக் கூலியையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 44-2-க்குப் பதில் 44எம்-4 கிடைத்தாலும் வாங்கலாம், ஆனால் அதன் பின்பக்கத்துப் பின்னை அழுத்திப் பிடிக்கும் வகை அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். மற்றதில் மாட்டினால் எப்போதும் எஃப்/2-தான்.