ஜீனோ என்னும் செல்லப்பிராணி

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரு நாவல்களைப் பற்றியும் பேசுவோர் எத்தனையோ விடயங்களில் வேறுபடுகின்றனர். ஒன்றில் மட்டும் அனைவரும் ஒருமித்து நிற்கின்றனர். ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமை ஒரு ரசனைக் கோளாறு மட்டுமேயாயின் அதனை எழுதிப் பத்திரிகையின் பக்கங்களை வீணாக்க வேண்டியதில்லை. அந்த நாயை விரும்பும்படி வாசகனைப் பழக்குவதன் மூலம் நாவல் வேறு எதையெல்லாம் அவன் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே என் கேள்வி.

உயர்தர வகுப்பு மாணவரிடையே கைமாறிக்கொண்டிருந்த ஒரு பிரதியிலேதான் இத்தொடரைத் தொடங்கினேன். பாடத்திட்டத்தில் உள்ள நாவலை வற்புறுத்தலின்றித் திறக்காத பையன்கள் இதனை இரவிரவாக வாசிக்கிறார்கள். தமிழ் ஆசிரியன் ஒருவன் இதனை அலட்சியம் செய்ய முடியாது.

முதலில் நூலாசிரியருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராக இருந்து, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திற் பங்குகொண்டவர் சுஜாதா. 2008இல் அவர் காலமாகும் வரை, விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சாத ஒரு தமிழ் உரைநடை அவர் கையில் இயங்கியது. பண்டிதத் தமிழ் தொடக் கூசிய பொருள்களை அவர் கூசாமல் தொட்டார். எண்பதுகளில் 'ஆனந்த விகடன்' வாராவாரம் வெளியிட்ட இக்கதை, இரண்டாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி. மனிதர்க்கு இரண்டே எழுத்தில் பெயர். நிலா, சிபி என்ற தம்பதிக்குப் பிள்ளை பெற அனுமதி கிடைக்கிறது. அவ்வேளையில் ரவி என்பவன் தன் இயந்திர நாயோடு அவர்கள் வீட்டில் வந்து தங்குகிறான். சிபி காணாமற் போகிறான். சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முற்பட்டது ஜீனோ. கற்பனையின் துணிவை யார் மறுப்பார்?

ஆயினும் ஜீனோ செய்வது என்ன? படிக்கிறது, பேசுகிறது, பரிகசிக்கிறது, சிக்கல் வந்தால் அவிழ்க்கிறது. தொடக்கத்தில் ஓர் விளையாட்டுப் பொருளாக வந்து, படிப்படியாக அறிவு முதிர்ந்து, ஈற்றிலே கதையின் மூளையாகவே ஆகிவிடுகிறது. வாரத் தொடர்கதைக்கு இதைவிட வசதியான பாத்திரம் கிடையாது. சென்ற வாரம் போட்ட முடிச்சை இந்த வாரம் அவிழ்க்க ஒருவர் தேவை; அவர் சிரிக்க வைப்பவராகவும் இருந்தால் வாசகன் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பான். சமஸ்கிருத நாடகத்தின் விதூஷகனும், கூத்திலே வரும் கட்டியங்காரனும் இதே வேலையைச் செய்தவர்கள்தாம். ஆனால் விதூஷகனுக்குப் பசி உண்டு. அவனுடைய பெருந்தீனியே பாதி நகைச்சுவை. கட்டியங்காரன் கூத்துப் பார்க்கும் ஊராரின் பேச்சைப் பேசுகிறவன். ஜீனோவுக்குப் பசியும் இல்லை, ஊரும் இல்லை. கழற்றிப் போட்டாலும் மீண்டும் பூட்டிவிடலாம். எதையும் இழக்கும் சாத்தியமற்ற ஒருவரின் நகைச்சுவை எவ்வளவு கூர்மையாயினும் அது துணிச்சல் ஆகாது. நன்றாகச் சம்பளம் பெறும், நன்றாகப் படித்த, காரியாலயத்து மேசையில் இருந்தபடியே உலகைக் கிண்டல் செய்யும் மத்தியதர வர்க்கத்துக் குரலைத் தகரத் தோலுக்குள் வைத்தால் கிடைப்பதே ஜீனோ. நகரத்து வாசகனுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பென்ன? அது அவனே.

சங்க இலக்கியம் பயின்றவர்க்கு இவ்விடத்தில் தோழியின் நினைவு வராமற் போகாது. சொல்வன்மையும் சூழ்ச்சித் திறனும் உடையவள் அவள். தலைவியால் சொல்ல முடியாததைச் சொல்பவளும், இரவுக்குறி மறுத்து வரைவு கடாவுபவளும், வேளை வரும்போது அறத்தொடு நிற்பவளும் அவளே. ஒரு வகையில் ஜீனோ நிலாவின் தோழி. ஆனால் தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. அதே வீட்டில் உழைப்பவளின் மகள். அலர் எழுந்தால் அவள் தலையிலும் பழி விழும். அதனால் அவள் வாய்ச் சொல்லுக்குப் பாரம் உண்டு. மேலும், எத்தனை பாடல்களில் அவள் பேசினாலும் துயரம் தலைவியினுடையதாகவே இருக்கிறது. அதனை அவள் பறித்துக்கொள்வதில்லை. ஜீனோ பறித்துக்கொள்கிறது. சிபி எங்கே என்ற கேள்வியோடு தொடங்கிய கதையில், ஜீனோ அடுத்து என்ன சொல்லப்போகிறது என்ற ஆவல் மெல்ல மெல்ல அக்கேள்வியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கேதான் இலங்கையில் இருந்து வாசிப்பவனுக்குத் தொண்டை அடைக்கிறது. கணவன் ஒருநாள் வீட்டிலிருந்து போகிறான், திரும்பவில்லை. பதிவேட்டையும் அலுவலகத்தையும் அதிகாரியையும் தேடி மனைவி அலைகிறாள். இது நமக்கு விஞ்ஞானப் புனைகதை அன்று. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆந் தேதி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், தம் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி ஆண்டுக்கணக்கிற் போராடினர். பதில் பெறாமலே அவர்களிற் பலர் இறந்தும் போயினர். தெற்கிலே 1987–89 காலத்தில் இழுத்துச் செல்லப்பட்ட சிங்கள இளைஞரின் தாய்மாரும் இதே கேள்வியைத்தான் கேட்டனர். இத்துயரத்தை ஓர் எழுத்தாளர் எண்பதுகளிலேயே கதையின் வாசலில் நிறுத்தினார் என்பது சிறிய சாதனையன்று. வாசலில் நிறுத்தியவர், உள்ளே அழைத்துவரவில்லை என்பதுதான் வருத்தம். நிலாவின் கையில் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்துவிட்டார். அழும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல.

இக்கருத்தை வகுப்பிலே சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "ஜீனோ இல்லாவிட்டால் நான் இந்தப் புத்தகத்தை முடித்திருக்கவே மாட்டேன், சேர்" என்றாள். நேர்மையான விமர்சனம். ஆனால் அது என் வாதத்திற்கே துணை செய்கிறது. நிலாவுக்காக அவள் அந்நூலை முடிக்கவில்லையே!

ஜீனோவின் ஆதரவாளர் இன்னும் வலுவான ஒரு வாதத்தை முன்வைக்கலாம். கரெல் சாபெக் என்ற செக் நாடகாசிரியர் 1920இல் வெளியிட்ட நாடகமே 'றோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. அச்சொல்லின் வேர் கூலியற்ற கட்டாய உழைப்பைக் குறிப்பது. நம் மொழியில் வெட்டிவேலை எனலாம். அந்நாடகத்திலே றோபோக்கள் தம் எசமானருக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றன. ஜீனோவும் ரவியின் உடைமையாக வந்து ரவிக்கு எதிராகவே திரும்புகிறதல்லவா? அடிமை எசமானனை மறுக்கும் இக்கதை முற்போக்கானதல்லவா? ஐசாக் அசிமோவ் 1942இல் வகுத்த விதிகளின்படி மனிதனுக்குக் கீழ்ப்படிந்தே ஆகவேண்டிய இயந்திரத்தைவிட இது மேலானதல்லவா?

கேட்க நன்றாயிருக்கிறது. ஆயினும் சாபெக்கின் றோபோக்கள் தொழிற்சாலையில் உழைப்பவை. அவை பன்மையில் எழுகின்றன; தம் நிலையைத் தாம் உணர்ந்து எழுகின்றன. ஜீனோ உழைப்பதில்லை. அதனைச் செய்த கைகளிலோ, அது போன்ற ஏனைய இயந்திரங்களிலோ நாவலுக்கு அக்கறையும் இல்லை. அது கிளர்வது ஒரு பெண்மீது கொண்ட பிரியத்தால் மட்டுமே. எசமானனை மாற்றிக்கொண்ட நாய் விடுதலை பெற்றதாகாது.

இயந்திரத்தை இப்படி உழைப்பிலிருந்தும் உடைமையிலிருந்தும் பிரித்து ஒரு குழந்தைபோற் காட்டுவதை, எங்கள் கரையில் வாழ்வோர் ஏற்றுக்கொள்வது கடினம். மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் எழுந்தன. சிறிது தூரத்தில், நுரைச்சோலையில், 2011இல் முதலாவது அலகு இயங்கத் தொடங்கிய நிலக்கரி அனல்மின் நிலையம் 2014இல் 900 மெகாவாட் ஆற்றலோடு முழுமை பெற்றது. இவை மாபெரும் இயந்திரங்கள், தேவையான இயந்திரங்களுங்கூட. விஞ்ஞானத்தை வெறுக்கும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் கடலுக்குப் போகிறவனும் வெங்காயம் நடுகிறவனும் இவற்றை அண்ணாந்து பார்க்கும்போது கேட்கும் கேள்விகள் மிக எளியவை. இது யாருடையது? இதன் மின்சாரம் யாருக்கு? இதன் சாம்பல் யார் தலையில்? இக்கேள்விகளைக் கேட்காத விஞ்ஞானப் புனைகதை, எத்தனை மின்சுற்றுகளை விபரித்தாலும், விஞ்ஞானத்தைப் பாதியே அறிந்தது.

ஜீவா யார் என்பது தெரியவரும் இடமே முதல் நாவலின் உச்சம். மக்கள் வணங்கிய அந்தத் தலைவன் ஒரு மனிதனே அல்லன். ஒளியால் நெய்த பிம்பம். ஓர்வெல் 1949இலேயே பெரியண்ணனின் இருப்பைச் சந்தேகத்திற்கு உரியதாக்கியிருந்தார் என்றாலும், திரைப்பிம்பங்களை அரியணையில் ஏற்றிப் பழகிய தமிழ்நாட்டிலே இக்கற்பனைக்குத் தனிக் கூர்மை உண்டு. இரண்டாம் நாவல் அரசியலில் இன்னும் தெளிவானது. சர்வாதிகாரி வீழ்ந்த பின் நிலா அரசியாகிறாள். அதிகாரமோ ரவியிடமும் மனோவிடமும் இருக்கிறது. ஆட்சியைக் கவிழ்த்தவர்களே அடுத்த ஆட்சியின் முதலாளிகள். இதனை எழுதிய கைக்கு அரசியல் தெரியும் என்பதில் ஐயமில்லை. தெரிந்த அந்தக் கை, தீர்வுக்கு மட்டும் ஏன் ஒரு நாயைத் தேடிப் போயிற்று?

மக்களைத் தேடிப் போகவில்லை என்பதுதான் காரணம். இந்நாவல்களில் மக்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள். வாழ்த்தொலி எழுப்ப வருகிறார்கள், ஏமாற வருகிறார்கள். அவர்களிடமிருந்து யாதொரு சிந்தனையும் பிறக்கக்கூடும் என்று நாவலாசிரியர் நம்பவில்லை. வரலாறு மூன்று நான்கு கெட்டிக்காரர்களின் சூழ்ச்சி. அவர்களிலும் கெட்டிக்காரராக ஓர் இயந்திரம். சுஜாதா கற்பனை செய்த அதே இருபதுகள் வந்தன. 2022 மார்ச் 31இல் இந்நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரமாக உயர்ந்தது. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. ஏப்பிரல் 9இல் காலிமுகத்திடலில் மக்கள் கூடினர். யூலை 9இல் ஜனாதிபதி மாளிகையினுள் நுழைந்தனர். யூலை 14இல் கோட்டாபய ராஜபக்ஷ பதவி துறந்தார். அதன் பின் நடந்தவை 'மீண்டும் ஜீனோ'வின் கதைப்போக்கை ஒத்திருந்தன என்று ஒருவர் கசப்போடு கூறலாம். யூலை 20இல் பழைய பாராளுமன்றமே புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்தது. 22ஆந் தேதி விடியுமுன் படையினர் போராட்டக் களத்திற் புகுந்தனர். ஆயினும் எரிபொருள் வரிசையில் நின்ற மாணவனும் தாதியும் மீனவனும் ஆசிரியையும் தம்முட் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்களே, அந்தப் பேச்சின் ஒரு துளிகூட ஜீவாவின் நாட்டிலே கேட்பதில்லை. அங்கே பேசும் உரிமை நாய்க்கு வழங்கப்பட்டிருக்கிறது.

இதற்கு மாற்று நம் உபகண்டத்திலேயே உண்டு. பேகம் ரொக்கையா என்ற வங்க முஸ்லிம் பெண்மணி எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல், அதுவும் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில், ஆங்கிலத்தில் அச்சேறியது. சில பக்கங்களே கொண்ட சிறுகதை. அதிலே சூரிய வெப்பத்தைத் திரட்டிப் பகைவர் படையை விரட்டுகிறார்கள். திரட்டுபவர்கள் பெண்கள் பல்கலைக்கழகத்து மாணவிகள். இயந்திரம் அங்கும் உண்டு; அதற்குப் பின்னால் கற்ற பெண்களின் கூட்டு உழைப்பும் உண்டு. எண்பது ஆண்டுகள் கழித்துத் தமிழில் வந்த நாவலில் நிலா அரசியாகவே ஆகிறாள். எனினும் பாத்திரவார்ப்பிலே, ரொக்கையாவின் பெயரற்ற மாணவிகளுக்கு உள்ள சுயபுத்தி அவளுக்கு வாய்க்கவில்லை. அவளுக்குரிய புத்தியைத்தான் ஜீனோவுக்குக் கொடுத்தாயிற்றே!

சோவியத் விஞ்ஞானிகள் 1957 நவம்பர் 3ஆந் தேதி விண்ணுக்கு அனுப்பிய லைக்கா பேசவில்லை, பரிகசிக்கவில்லை. புறப்பட்ட சில மணிநேரத்திலேயே அது வெப்பத்தால் இறந்துபோனது என்ற உண்மை 2002இலேதான் வெளியாயிற்று. விஞ்ஞானத்தின் வெற்றியும் அதன் விலையும் அந்த ஒரு தெரு நாயின் உடலிலே சேர்ந்திருந்தன. அதனைப் பற்றி எழுதும் தமிழ் எழுத்தாளர் ஒருவரை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இந்நூல்களைப் பள்ளி நூல்நிலையத்திலிருந்து அகற்றவேண்டும் என்று இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரிய நண்பர் எவரும் கருதிவிடலாகாது. இரு தொகுதிகளையும் வாங்கி வையுங்கள், மாணவர் வாசிக்கட்டும். நான் எனது வகுப்பிற்குக் கொடுத்திருக்கும் பயிற்சி இது: சிபி காணாமற் போன இரவை, ஜீனோ அந்த வீட்டில் இல்லை என்று வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுப் பெண்ணின் வாய்மொழியாக எழுதுக. இருபத்தேழு கட்டுரைகள் வந்துள்ளன. பதினொன்றில் அடுத்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து வெளியே வருகிறாள்.