மேசையிலிருந்து திரைக்கு: பால்டர்ஸ் கேட் 3

மேசைப் பாத்திரமேற்பு ஆட்டம் என்பது சிலர் ஒன்றாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம். இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் விதிகளைக் கொண்டு உருவான நிகழ்பட ஆட்டங்களில் 2023-இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 பெரும் வரவேற்பைப் பெற்றது. மேசை ஆட்டத்தின் விதிகளைத் திரைக்குக் கொண்டுவருவதில் அது எதைச் சாதித்தது, எதைக் கொண்டுவர முடியவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் இதை உருவாக்கினர். சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்திப் போரிடும் போர் ஆட்டங்களிலிருந்து இது பிறந்தது. படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரே ஒரு வீரனாக இருந்து முடிவெடுப்பது இதில் வந்த பெரிய மாற்றம். ஆடுபவர்களில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருப்பார். உலகத்தை விவரிப்பதும், எதிரிகளுக்காகப் பேசுவதும், ஒரு செயல் எவ்வளவு கடினம் என்று தீர்மானிப்பதும் அவர் வேலை. செயல் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை சொல்லும்.

இந்த விதிகள் கணினிக்கு விரைவிலேயே வந்துவிட்டன. 1988-இல் வெளியான பூல் ஆஃப் ரேடியன்ஸ் அதிகாரபூர்வ உரிமத்துடன் வந்த தொடக்ககால ஆட்டங்களில் ஒன்று. 1998-இல் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய முதல் பால்டர்ஸ் கேட் ஆட்டம் வெளியானது. அதில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் வேண்டும்போது நிறுத்திக் கட்டளையிடலாம். பகடை பெரும்பாலும் திரைக்குப் பின்னால் உருண்டது. இரண்டாம் பாகம் 2000-இல் வந்தது. மூன்றாம் பாகத்தை பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லாரியன் ஸ்டூடியோஸ் ஸ்வென் விங்கேயின் தலைமையில் உருவாக்கியது. 2020 அக்டோபரில் முற்றுப்பெறாத வடிவில் வாசகர் சோதனைக்கு விடுவதுபோல் ஆடுபவர்களிடம் தரப்பட்டு, அவர்கள் கருத்துகளைக் கேட்டு வளர்க்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழுமையாக வெளியானது. அவ்வாண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதையும் பெற்றது.

பகடையைக் காட்டுதல்

லாரியனின் முதன்மையான முடிவு பகடையை மறைக்காமல் காட்டியது. ஒருவரை வற்புறுத்தவோ ஒரு பூட்டைத் திறக்கவோ முயலும்போது திரையின் நடுவில் பகடை தோன்றுகிறது. எட்ட வேண்டிய எண் மேலே இருக்கும். பகடை உருண்டு நின்றபின் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்கள் ஒவ்வொன்றாக வந்து கூடுகின்றன. மேசையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் அந்தக் கணம் தனியாக ஆடுபவருக்கும் கிடைக்கிறது. சண்டையும் முறைவைத்து நடப்பதாக மாற்றப்பட்டது. கதையை இடையிடையே விவரிக்கும் ஒரு குரல் ஆட்ட நடத்துநரின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது.

தோல்வியையும் இந்த ஆட்டம் கதையாக்குகிறது. தொடக்கத்தில் வரும் ஒரு காட்சி இதற்கு நல்ல சான்று. புனிதச் சிலையைத் திருடியதாக அரபெல்லா என்ற சிறுமி பிடிபடுகிறாள். காகா என்பவள் ஒரு நச்சுப் பாம்பை அவள் முன் நிறுத்தியிருக்கிறாள். ஆடுபவர் பேசிக் காகாவின் மனத்தை மாற்றினால் சிறுமி விடுவிக்கப்படுவாள். பகடை கைவிட்டால் சிறுமி ஓட முயன்று பாம்பு கடித்து இறக்கிறாள். ஆட்டம் அங்கே முடிந்துவிடுவதில்லை. பெற்றோரின் துயரத்தோடு கதை தொடர்கிறது.

திரும்ப எறியும் பகடை

ஆனால் இதே காட்சியில்தான் தழுவலின் முதல் சிக்கலும் தெரிகிறது. முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி பகடை எறிய ஆடுபவரால் முடியும். எட்ட வேண்டிய எண் 15, கூடுதல் எண் எதுவும் இல்லை என்று கொண்டால் ஒரு முயற்சி பலிக்க 30 விழுக்காடு வாய்ப்பு. மூன்று முறை முயன்றால் ஒரு முறையாவது பலிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 66 விழுக்காடாகிறது. பொறுமை இருந்தால் தோல்வியே இல்லை. தாயம் ஆடும்போது விழுந்த எண் பிடிக்கவில்லை என்று கட்டையை மறுபடி உருட்டினால் எதிரில் இருப்பவர் விடமாட்டார். அழுகுணி ஆட்டம் என்ற சொல்லே அதற்காகத்தான் இருக்கிறது. திரைக்கு முன்னால் அப்படிக் கையைப் பிடிப்பவர் யாருமில்லை.

லாரியன் இதை அறிந்தே இருந்தது. தொடர்ந்து மோசமான எண்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வசதி ஆட்டத்தில் இயல்பாகவே இயங்குகிறது. வேண்டாதவர்கள் அதை நிறுத்திவிடலாம். 2023 நவம்பர் இறுதியில் ஒரே ஒரு சேமிப்பு மட்டும் கொண்ட கடினமான ஆட்டமுறையும் சேர்க்கப்பட்டது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒன்று ஆடுபவரின் ஏமாற்றத்தைக் குறைக்கிறது. மற்றது விளைவை ஏற்கக் கட்டாயப்படுத்துகிறது. மேசையில் ஆட்ட நடத்துநர் இவ்விரண்டையும் ஆளையும் நேரத்தையும் பார்த்துச் செய்வார். மென்பொருளில் அது பட்டியலில் தேர்ந்தெடுக்கும் அமைப்பாகிவிடுகிறது.

நடத்துநர் இல்லாத ஆட்டம்

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. மேசையில் ஆடுபவர் தன் சொந்தச் சொற்களில் பேசலாம். "அந்தப் பாம்புக்கு என் கையை நீட்டுகிறேன், குழந்தையை விடு" என்று ஒருவர் சொன்னால் நடத்துநர் ஒரு கணம் யோசித்து, அதற்கொரு எண்ணைச் சொல்லி, எறியச் சொல்வார். அந்தச் செயல் எந்த விதிநூலிலும் இல்லை. பால்டர்ஸ் கேட் 3 வேறெந்த ஆட்டத்தையும்விட அதிகமான வாய்ப்புகளைத் தருகிறது என்று சொல்லலாம். இறந்தவரோடு பேசலாம், விலங்குகளோடு பேசலாம், சண்டையே இல்லாமல் பல இடங்களைக் கடக்கலாம். ஆயினும் அவை அனைத்தும் யாரோ முன்கூட்டியே யோசித்து எழுதியவை. எழுதப்படாத வரியை உரையாடலில் சொல்ல முடியாது.

இந்த எல்லை விதிகளிலும் தெரிகிறது. மேசை ஆட்டத்தில் ஒரு பாத்திரம் 20-ஆம் நிலை வரை வளரலாம். பால்டர்ஸ் கேட் 3-இல் 12-ஆம் நிலையோடு நின்றுவிடுகிறது. உயர்நிலை மந்திரங்கள் உலகையே மாற்றக்கூடியவை. அவற்றின் விளைவுகளையெல்லாம் முன்கூட்டியே நிரலாக எழுதுவது பெரும்பாடு. மனித நடத்துநர் அந்த இடத்தில் யோசித்துச் சமாளிப்பார்.

விதியை யார் கேட்பது?

இந்த வேறுபாடு ஆட்டத்தோடு முடிவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்னும் வழக்கம் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். பகடையைப்போலவே சீட்டும் ஆள் பார்ப்பதில்லை. ஆனால் குறிப்பிட்ட மீனவச் சமூகங்களுக்கே அந்தச் சீட்டில் இடம் உண்டு. ஏரியை நம்பி வாழும் மற்றவர்களுக்கு இல்லை. ஏரியின் நெடுநாள் பிணக்கு ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

இந்த வழக்கத்தை ஓர் ஆட்டமாக்குவதாக வைத்துக்கொள்ளலாம். முறைவைப்பையும் சீட்டையும் பருவத்தையும் இறால் வரத்தையும் நிரலாக எழுதுவது எளிது. கணினி அதைப் பிழையின்றி நடத்தும். ஆனால் தோணிரேவு போன்ற ஓர் ஏரிக்கரை ஊரில் நான்கு பேர் மேசையைச் சுற்றி அதை ஆடினால், சீட்டில் பெயர் இல்லாத பாத்திரத்தை ஏற்றவர் "என் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மற்ற மூவரும் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே ஆட்டத்தின் விதியே பேச்சுக்குரியதாகிவிடுகிறது. திரையில் அந்தக் கேள்வி முன்பே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே எழும்.

மதிப்பீடு

பால்டர்ஸ் கேட் 3 மேசை ஆட்டத்தின் விதிகளை மட்டுமன்றி அதன் பதற்றத்தையும் திரைக்குக் கொண்டுவந்தது. பகடையைக் கண்முன் உருட்டி, தோல்விக்கும் கதையில் இடம் கொடுத்தது அதன் சிறப்பு. முந்தைய தழுவல்கள் பல விதிகளைக் கணக்காக மட்டுமே எடுத்துக்கொண்டன. இது அவற்றை நாடகமாக்கியது. கொண்டுவர முடியாமல் போனது விதியோடு வாதிடும் உரிமை. அது இந்த ஆட்டத்தின் குறை என்பதைவிட ஊடகத்தின் எல்லை என்பதே பொருத்தம்.

இந்த ஆட்டத்துக்குத் தமிழ் வடிவம் இல்லை. நல்ல கணினியும் ஆங்கிலப் பயிற்சியும் இல்லாத தமிழ் மாணவருக்கு இது எட்டாத தொலைவில் இருக்கிறது. மேசை வடிவத்துக்கோ ஒரு தாள், ஒரு பகடை, மூன்று நண்பர்கள் போதும். தமிழில் இவ்வகை ஆட்டங்களை உருவாக்க நினைப்பவர்கள் திரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதலில் நான்கு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்த்து, எங்கெல்லாம் வாக்குவாதம் வருகிறது என்று குறித்துக்கொண்டால், எதை நிரலாக்கலாம், எதை மனிதரிடமே விடவேண்டும் என்பது தெரிந்துவிடும்.