தேர்வுநோக்கு ஆங்கிலப் பயிற்சியில் சொல்லும் சூழலும்: மேல்நிலை வகுப்பு வினாத்தாள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாமாண்டுப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் எல்லாப் பிரிவு மாணவர்க்கும் உரிய பொதுப்பாடமாகும். எழுத்துத்தேர்வுக்கு 90 மதிப்பெண்ணும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டுள்ளன. வினாத்தாளின் முதற்பகுதியில் 20 ஒருமதிப்பெண் வினாக்கள் இடம்பெறும். அவற்றுள் முதல் ஆறும் சொற்பொருள் சார்ந்தவை. மூன்று ஒருபொருட்சொல்லையும், மூன்று எதிர்ச்சொல்லையும் வினவுகின்றன. பின்வரும் பகுதிகளில் இலக்கணமும் படித்துணர்தலும் சோதிக்கப்படுகின்றன. இத்தேர்வை முன்னிட்டு வகுப்பறையிலும், 'கைடு' என வழங்கும் வழிகாட்டி நூல்களிலும் நிகழும் பயிற்சி, சொல்லை அதன் சூழலிலிருந்து பிரித்தே கற்பிக்கிறது என்பதையும், அதற்கு மாணவரின் மனப்பாடத்தைவிட வினா அமைப்பே முதற்காரணம் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அளவுகோல்

சொற்பொருளை உணர்த்தும் முறை குறித்துத் தொல்காப்பிய உரியியல் இரண்டு நெறிகளைச் சுட்டுகிறது. அறியாத சொல்லை அறிந்த சொல்லின் துணைகொண்டு விளக்குவது ஒன்று. இது இயலின் தொடக்கத்தில் கூறப்படுகிறது. சொல்லின் முன்னும் பின்னும் அமைவனவற்றை ஆராய்ந்து பொருள்கொள்வது மற்றொன்று. இது இயலின் இறுதிப்பகுதியில் கூறப்படுகிறது. உரிச்சொல்லை நோக்கிக் கூறப்பட்டவையாயினும், பிறமொழிச் சொற்களைக் கற்கும் முறையை மதிப்பிடவும் இவ்விரண்டும் அளவுகோலாகப் பொருந்துகின்றன. முதல் நெறி சொல்லை அறிமுகப்படுத்துகிறது. இரண்டாம் நெறி அச்சொல் குறிப்பிட்ட இடத்தில் ஆற்றும் பணியை உணர்த்துகிறது. இன்றைய தேர்வுப் பயிற்சியில் முதல் நெறி மட்டுமே எஞ்சியுள்ளது.

மனப்பாடம் குற்றமா?

இந்நிலைக்கு மனப்பாடப் பழக்கத்தையே காரணமாகக் கூறுவது வழக்கம். அது முழுமையான விளக்கமாகாது. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டு மனப்பாடமாகவே கற்பிக்கப்பட்டது. மண்டல புருடர் அதனை விருத்தப்பாவில் இயற்றியமை நினைவிற்கொள்வதை எளிதாக்கியது. எனினும் அக்கல்வி நிகண்டோடு முடியவில்லை. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைக்கும் பதினோராம் தொகுதியைக் கற்றவன், அவற்றுள் எப்பொருள் எவ்விடத்துக்கு உரியது என்பதை இலக்கியம் பாடங்கேட்கையில் ஆசிரியர் வழி அறிந்தான். மனப்பாடம் வாசிப்புக்குரிய முன்னேற்பாடாக அமைந்தது.

வழிகாட்டி நூலின் சொற்பட்டியலோ வாசிப்புக்கு மாற்றாக அமைகிறது. வினாத்தாளில் அடிக்கோடிட்டுக் காட்டப்படும் சொல் ஒரு தொடருக்குள்தான் நிற்கிறது. ஆனால் அத்தொடர் பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டதாயின், பட்டியலைப் பயின்ற மாணவர் அதனைப் படிக்கவே தேவையில்லை. அடிக்கோடிட்ட சொல்லைக் கண்டவுடன் விடை நினைவுக்கு வந்துவிடும். சூழல் வினாத்தாளில் அச்சாகியிருந்தும் பயனற்றுப்போகிறது. 'ஃபேர்' என்னும் ஆங்கிலச் சொல் நியாயமானது, வெளிர்நிறமுடையது, ஓரளவானது, கண்காட்சி எனப் பல பொருள் தரும். பட்டியலில் 'நியாயமானது' என்று மட்டும் கற்ற மாணவர், வேறொரு பத்தியில் அச்சொல் கண்காட்சியைக் குறித்து வருமிடத்தில் தடுமாறுவார்.

'நாற்காலி' தரும் சான்று

2019-20ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதை ஆங்கில மொழிபெயர்ப்பில் உரைநடைப் பாடமாக வைக்கப்பட்டது. நாற்காலி என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை அறியாத மாணவர் இலர். ஆகவே அது எந்தச் சொற்பட்டியலிலும் இடம்பெறத் தேவையில்லை. ஆயினும் கதையில் பொருள் மாற்றம் பெறும் சொல் அதுவே. தொடக்கத்தில் அது வீட்டின் மதிப்பைக் குறிக்கிறது. ஊரில் இறந்தவரின் உடலை அமர்த்துவதற்காக இரவல் பெறப்பட்ட பின்னர், வீட்டார் அமர அஞ்சும் பொருளாகிறது. இம்மாற்றத்தை உணர்ந்தவரே கதையைப் படித்துணர்ந்தவர். ஒருபொருட்சொல் வினாவால் இவ்வுணர்வைச் சோதிக்க இயலாது. கதையிலுள்ள கடினச் சொற்கள் அனைத்துக்கும் பொருள் கூறும் மாணவர் கதையைத் தவறவிடக்கூடும் என்பதற்கு இப்பாடமே சான்றாகும்.

இலக்கணப் பயிற்சி

இலக்கண வினாக்களிலும் இந்நிலையே காணப்படுகிறது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'எ', 'தி' ஆகிய சுட்டிடைச் சொற்களைக் கோடிட்ட இடத்தில் நிரப்பும் பயிற்சி பெரும்பாலும் தனித்தொடரிலேயே தரப்படுகிறது. ஒரு பொருளை முதன்முறை கூறுகையில் 'எ' என்பதும், மீண்டும் கூறுகையில் 'தி' என்பதும் வருவது அவற்றின் முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்று. 'ஒரு கிழவர் வந்தார். அந்தக் கிழவர் பசித்திருந்தார்' எனத் தமிழில் 'ஒரு', 'அந்த' ஆகியவை ஆற்றும் பணியோடு இதனை ஒப்பிட்டுக் காட்டலாம். முந்தைய தொடர் இல்லாத இடத்தில் இப்பயன்பாட்டைச் சோதிக்க இயலாது.

அயற்கூற்றுப் பயிற்சியும் அத்தகையதே. '"நான் வருகிறேன்" என்றான்' என்பது தமிழில் 'தான் வருவதாகக் கூறினான்' என மாறும். 'கூறினான்' என்னும் இறந்தகால வினை, வருதலை இறந்தகாலமாக்குவதில்லை. ஆங்கிலத்தில் இவ்விடத்து உள்வினையின் காலம் பெரும்பாலும் பின்னகர்கிறது. தமிழ் மாணவரின் இடர்ப்பாடு இவ்வேறுபாட்டில்தான் தோன்றுகிறது. வழிகாட்டி நூல்கள் இதனை விளக்காது, எச்சொல் எச்சொல்லாக மாறும் என்னும் அட்டவணையைத் தருகின்றன. அட்டவணை மதிப்பெண்ணைப் பெற்றுத் தருகிறது, காரணத்தை உணர்த்துவதில்லை.

படித்துணராமல் விடையளித்தல்

சூழலை நேரடியாகச் சோதிக்க வேண்டியது படித்துணர்தல் பகுதி. இதுவும் பிழைபட அமையக்கூடும் என்பதைப் பொருளற்ற சொற்களால் புனைந்த ஓர் எடுத்துக்காட்டு உணர்த்தும்: 'குவளன் மிதரியைத் தவணித்தான்; அதனால் ஊரார் பொலகினர்.' ஊரார் ஏன் பொலகினர் என்னும் வினாவுக்கு, 'குவளன் மிதரியைத் தவணித்ததனால்' எனத் தமிழறிந்த எவரும் விடையளிக்கலாம். தொடரமைப்பு உணரப்பட்டுள்ளது, பொருள் உணரப்படவில்லை. வினாவிலுள்ள சொற்களைப் பத்தியில் தேடி, அவை இடம்பெறும் தொடரைப் பெயர்த்தெழுதும் உத்தி இவ்வாறே செயற்படுகிறது. அவ்வுத்திக்கு முழு மதிப்பெண் கிடைக்குமாயின், குறை மாணவரிடத்தில் இல்லை, வினாவிடத்தில் உள்ளது.

பிறநாட்டுத் தேர்வொன்றின் பட்டறிவு

தேர்வர் எண்ணிக்கை மிகுதியாக இருப்பதால் இத்தகைய வினாக்கள் தவிர்க்க இயலாதவை எனக் கூறப்படலாம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்குரிய எஸ்.ஏ.டி. தேர்வும் பெருந்திரளானோர் எழுதுவதே. அதற்கும் சொற்பட்டியல் மனப்பாடம் ஒரு வணிகமாகவே வளர்ந்திருந்தது. அத்தேர்வில் எதிர்ச்சொல் வினாக்கள் 1994இலும், சொல் ஒப்புமை வினாக்கள் 2005இலும், தனித்தொடரை நிறைவு செய்யும் வினாக்கள் 2016இலும் நீக்கப்பட்டன. பத்திக்குள் ஒரு சொல் தரும் பொருளை வினவும் முறை முதன்மை பெற்றது. அதுவும் விடைதேர்வு முறையே. ஆகவே, திருத்துவதற்கு எளிய வினாவிலும் சூழலைச் சோதிக்கலாம் என்பது தெளிவு. எனினும் கணினிவழிக்கு மாறிய பின்னர் அத்தேர்வின் பத்திகள் மிகச் சுருங்கி, ஒரு பத்திக்கு ஒரு வினா என்றாகியுள்ளன. நீண்ட வாசிப்பு இதனால் சோதனைக்கு வெளியே நின்றுவிடுகிறது. எனவே அம்முறையை அவ்வாறே பின்பற்றுவதும் தீர்வாகாது.

முடிவுரை

முதல் தலைமுறையாகக் கற்கும் தமிழ்வழி மாணவருக்கு 35 மதிப்பெண் என்னும் தேர்ச்சி எல்லையைக் கடப்பது வாழ்வின் திருப்பமாகும். அவர் பட்டியலை நாடுவது அறியாமையன்று; தேர்வின் இயல்பறிந்து செய்யும் தெரிவு. ஆனால் அப்பயிற்சியோடு கல்லூரிக்குள் நுழைபவர், எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத பக்கங்களைப் படிக்க வேண்டியவராகிறார். ஆங்கிலப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவரும் ஆங்கிலவழிப் பாடநூலின் முன் திகைத்து நிற்பதற்கு இது ஒரு காரணமாகும்.

இதற்கு மூன்று மாற்றங்கள் உடனடியாக இயலும். சொற்பொருள் வினாக்களுள் பாதியையேனும் பாடநூலில் இல்லாத, நான்கைந்து தொடர் கொண்ட பத்தியிலிருந்து அமைக்கலாம். இலக்கண வினாக்களைத் தொடர்ச்சியுள்ள பத்தியில் பொருத்தலாம். வகுப்பறையில், மாணவர் படித்ததன் கருத்தை முதலில் தமிழில் கூறச் செய்து, பின்னர் ஆங்கிலத்தில் எழுதச் செய்யலாம்; 'நாற்காலி'யின் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் இணைத்துப் படிப்பது இதற்கு நல்ல தொடக்கமாகும். வினா மாறினால் பயிற்சி மாறும். வினாத்தாள் அமைப்போர் இதில் முதலடி வைக்காதவரை, ஆசிரியரையும் மாணவரையும் குறைகூறுவதில் பயனில்லை.