'டூ ஹாட்' என்றால் எவ்வளவு சூடு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஷிஃப்ட் புத்தகத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மூன்று இரவுகள் தொடர்ந்து ஃபிட்டர் ஒருவர் எழுதிவைத்தது ஒரே வரி: 'பேரிங் டூ ஹாட்'. காலையில் வந்தவர்கள் படித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். நான்காம் நாள் பேரிங் இறுகி லைன் நின்றது. "எழுதினேனே சார்" என்றார் அவர். "நீங்க எப்பவும் அப்படித்தானே எழுதுறீங்க" என்று பதில் வந்தது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

ஆங்கிலத்தில் 'வெரி' வேறு, 'டூ' வேறு. 'வெரி ஹாட்' வெறும் தகவல். 'டூ ஹாட்' முறையீடு: ஓர் எல்லை இருந்தது, அது தாண்டிப் போயிற்று, யாராவது வந்து பாருங்கள். இவ்வளவையும் ஓரசையில் அடக்கிவிடும் சிக்கனம் லேசானதல்ல. நாம்தான் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு 'டூ குட்' என்று சொல்லிச் சொல்லி அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டோம். பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார் தம்பிக்கும் இதே கதை. அவர் இந்தியின் 'பஹுத்' இரண்டு வேலையையும் சேர்த்தே பார்க்கிறது. ஆங்கிலேயர் மட்டும் என்ன, 'டெரிப்லி', 'ஆஃபுலி' என்ற சொற்களில் இருந்த அச்சத்தை என்றோ கரைத்துக் குடித்தவர்கள். படம் பார்த்துவிட்டு 'பயங்கரமா இருக்கு' என்று சிரிக்கிற நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தமிழில் மிகுதிக்குச் சொல் பஞ்சமில்லை. உறு, தவ, நனி மூன்றையும் தொல்காப்பிய உரியியலே தருகிறது. 'நிரம்ப' தேய்ந்து 'ரொம்ப' ஆயிற்று. ஆனால் 'டூ'வுக்கு நேராகப் பேச்சில் ஒற்றைச் சொல் கிடையாது. 'ஓவர்' வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் மனுஷர்களைத் திட்டத்தான் உதவுகிறது. மற்றபடி நாம் விளைவைச் சொல்கிறோம்: வாய் வைக்க முடியாத காரம், காது கிழிகிற சத்தம், கை வைக்க முடியாத சூடு. இதைத் தமிழின் வறுமை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அந்த ஃபிட்டர் வாயால் சொன்னது "கை வைக்க முடியல சார்" என்பதுதான். பழைய ஃபிட்டர்களுக்கு உள்ளங்கைதான் தெர்மாமீட்டர். சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பின் மேல் கை நிற்காது. அவர் தமிழில் அளவு இருந்தது. ஆங்கிலத்துக்குப் போன வழியில் அது உதிர்ந்துவிட்டது.

சட்டம் எழுதியவர்களும் இந்த மிகுதிச் சொற்களை முழுதாக நம்பவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 34ஆம் பிரிவுக்குத் தலைப்பு 'எக்ஸசிவ் வெயிட்ஸ்' என்று இருந்தது. உள்ளேயோ, தூக்குகிறவருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய சுமை என்று விளைவுக்கு இறங்கியிருந்தது. ஒலி மாசு விதிகள், 2000 எண்ணுக்கே போய்விட்டன: தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70, குடியிருப்புக்கு 55, 45. 'எக்ஸசிவ் நாய்ஸ்' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, வீட்டு வாசலில் இரவு 60 காட்டிய மீட்டர் அதிகம் பேசும்.

நாற்றத்தில்தான் என் வாதம் தடுமாறுகிறது. திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு ஆலை நாற்றம் பற்றி மனு கொண்டுபோகிறவர்களில் சிலர், ஆங்கிலத்தில் இருந்தால்தான் எடுபடும் என்று நம்புகிறார்கள். 'அன்பேரபிள் ஸ்மெல்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தேய்ந்த சொல், படிக்கிறவர் கண் அதில் நிற்பதில்லை. ஆனால் ஊர்க்காரர் கையில் மூக்கைத் தவிர வேறு மீட்டர் இல்லை. நடுராத்திரியில் வருகிற நாற்றம் அதிகாரி வரும் பகல்வரை காத்திருப்பதுமில்லை. 'தாங்க முடியவில்லை' என்பது அங்கே சாட்சியம், அதை மிகை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வரிக்குக் கீழே, ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தியும் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது என்று தேதியோடு இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

லைன் நின்ற அடுத்த வாரம் ஷிஃப்ட் புத்தகத்தில் அதே கையெழுத்தில் ஒரு புது வரி: 'பேரிங் ஹேண்ட் நாட் கீப்பிங்'. இலக்கணத்தைப் பார்த்து ஆபீஸில் சிரித்தார்கள். மெயின்டனன்ஸ் ஆட்கள் டீ குடிக்கப் போகாமல் நேரே இறங்கிப் போனார்கள்.