'பின்' படத்துக்குப் பின்

எடைக்குறைப்பு விளம்பரங்களுக்கு ஒரே இலக்கணம்தான். இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்', நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் அந்தப் பெண் என்ன பட்டாள், படம் எடுத்து ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் விளம்பரத்துக்குத் தேவையில்லை. இலக்கியத்துக்குத் தேவை. அந்தத் தேவையோடுதான் ராக்ஸேன் கேயை வாசிக்கிறேன்.

ஹைட்டியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரின் மகள் ராக்ஸேன் கே. அவருடைய தன்வரலாற்று நூலான 'ஹங்கர்' 2017இல் வெளிவந்தது. பன்னிரண்டு வயதில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளான சிறுமி, அதை வீட்டில் சொல்ல முடியாமல் உண்ணத் தொடங்குகிறாள். உடல் பெருத்தால் ஆண்கள் அண்டமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. ஒரு கட்டத்தில் எடை 577 பவுண்டைத் தொடுகிறது. ஏறத்தாழ 262 கிலோ. நூலின் தொடக்கத்திலேயே, தந்தையோடு ஃபுளோரிடாவில் ஒரு மருத்துவமனைக்குப் போய் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய விளக்கத்தைக் கேட்டதை எழுதுகிறார். அப்போது அவர் அதைச் செய்துகொள்ளவில்லை. இது வெற்றிக்கதை அல்ல, அட்டையில் மெலிந்த என் படம் இருக்காது என்ற பொருளில் வாசகரை முன்கூட்டியே எச்சரிக்கிறார். அட்டையில் இருப்பது ஒரு முள்கரண்டி.

நூல் வந்த மறு ஆண்டு, 2018 ஜனவரியில், அவர் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். ஏப்ரலில் அதைப் பற்றி 'வாட் ஃபுல்னஸ் இஸ்' என்ற கட்டுரையை எழுதினார். நிறைவு என்பது எது என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். நூலில் சொன்னதற்கு இது துரோகம் இல்லையா என்று சில வாசகிகள் கேட்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பருத்த உடலை உலகம் நடத்தும் விதத்தை எதிர்ப்பதும், அந்த உலகில் நாளை காலை எழுந்து நடமாட வேண்டியிருப்பதும் ஒரே பெண்ணுக்கு நேர்கிற இரண்டு உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கவில்லை என்பதே கேயின் நேர்மை.

அந்தக் கட்டுரையின் பலம், அதில் கொண்டாட்டம் இல்லாததுதான். இத்தனை ஆண்டுகளாகத் தேறுதலாக இருந்த உணவு கைவிட்டுப் போகிறது. அது மூடிவைத்திருந்த துயரம் வெளியே வருகிறது. கத்தி தொட்டது இரைப்பையை. பன்னிரண்டு வயதுக் காயம் அப்படியே இருக்கிறது.

அதன் போதாமையும் இங்கேதான். சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குள் எழுதப்பட்ட கட்டுரை அது. சோதனைகள் பல அதற்குப் பின்னால்தான் வரும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, பித்தப்பைக் கல், ஸ்லீவ் செய்தவர்களுக்குத் தீராத எதுக்களிப்பு, குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு இனிப்பு சாப்பிட்டதும் படபடப்பும் வயிற்றுப்போக்கும், தொங்கும் தோல், சில ஆண்டுகளில் திரும்பி வரும் எடை. உயிர்ச்சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்.

இவற்றுக்குப் பால்பேதம் உண்டு. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். இரும்புச்சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாதபோது, மாதந்தோறும் ரத்தம் இழக்கும் உடலே முதலில் சோகை பிடிக்கிறது. குடலை மாற்றி இணைத்தபின் கருத்தடை மாத்திரையை நம்பி இருக்க முடியாது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஓராண்டுக்கு மேல் கருவைத் தள்ளிப்போடும்படியும் மருத்துவம் சொல்கிறது. கணவனிடம் ஆணுறை பற்றிப் பேசக்கூட வாய்ப்பில்லாத பெண்ணுக்கு இந்த அறிவுரையின் பொருள் என்ன? இந்த இடத்தை எழுதும் தன்வரலாறுகள் அரிது.

எழுதாமல் தடுப்பது எது? பழி. 1950களில் தொடங்கி 1970கள் வரை சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் சிகிச்சை ஒன்று நடந்தது. கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் வந்தது, கைவிட்டார்கள். அப்போது தோற்றது சிகிச்சை. இன்று எடை திரும்பினால் தோற்பவள் நோயாளி. "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்ற ஒரு வரியில் பசியைத் தூண்டும் சுரப்பிகள், எடை இறங்கினால் செலவைச் சுருக்கிக்கொள்ளும் உடல், விரியும் இரைப்பை எல்லாம் காணாமல் போகின்றன. அமெரிக்கப் பாடகி கார்னி வில்சனின் அறுவை சிகிச்சை 1999இல் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. 2003இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு 'ஐம் ஸ்டில் ஹங்க்ரி', இன்னும் பசிக்கிறது. எடை திரும்பி, 2012இல் இரைப்பையில் பட்டை பொருத்தும் இரண்டாவது சிகிச்சைக்குப் போனார். 'பின்' என்பது கடைசிப் படம் அல்ல என்பதற்கு இந்தத் தலைப்பு ஒன்றே போதும்.

இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. சர்க்கரை நோய் கட்டுக்குள் வந்தவர்கள் பலர். சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் குறைந்ததை ஸ்வீடனில் நடந்த நெடுநாள் ஆய்வு 2007இல் காட்டியது. ஆனால் வெட்கமும் ஒரு மருத்துவச் சிக்கல்தான். வாரக்கணக்கில் வாந்தி எடுக்கும் பெண், "நான்தான் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன்" என்று நினைத்து மருத்துவரிடம் போகாமல் இருந்தால், தயமின் என்ற உயிர்ச்சத்து தீர்ந்து மூளையும் நரம்பும் பழுதாகலாம். தலைசுற்றல், தடுமாறும் நடை, இரட்டையாகத் தெரியும் பார்வை ஆகியவை அவசர அறிகுறிகள். தன்னைக் குற்றவாளியாக எண்ணுகிறவள் அவசரம் என்று கதவைத் தட்டமாட்டாள்.

இந்த வாசிப்பில் எனக்கு நம் சங்க அகப்பாடல்கள் நினைவுக்கு வருகின்றன. அங்கே தலைவியின் வளை நெகிழ்ந்தால், தோழி "அழகாகிவிட்டாய்" என்று பாராட்டுவதில்லை. இவளுக்கு என்ன துன்பம் என்று கேட்கிறாள். மெலிவை நோயாக வாசிக்கத் தெரிந்த மரபு அது. பிரிவைத் தவிர வேறு காரணம் தேடாத மரபும்தான், ஆனாலும் கேட்டது. இன்று மெலிந்து வரும் பெண்ணிடம் "என்ன ரகசியம்?" என்கிறோம். எடை மீண்டும் ஏறினால் "விட்டுட்டியா?" என்கிறோம். இரண்டுமே அவளை வாய்மூட வைக்கும் கேள்விகள்.

கே வெள்ளைக் கோட்டுக்குள் புகுந்து முதல் சில மாதங்களை எழுதிக்காட்டினார். மூன்றாம் ஆண்டின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், ஐந்தாம் ஆண்டில் திரும்பிய பதினைந்து கிலோவையும், தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்ளாமல் ஒரு பெண் எழுத வேண்டும். அதற்கு முன், அவள் சொன்னால் "சாப்பாட்டைக் குறை" என்று குறுக்கிடாமல் கேட்கிற தோழிகளாக நாம் இருக்க வேண்டும்.